அம்மா அப்பா கையில் வாட்ச்: தாறுமாறாகத் துடிக்கும் இதயத்தை வீட்டிலிருந்தே கவனிப்பது எப்படி?

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் எந்தத் தெருவில் நுழைந்தாலும், வயதானவர்கள் இரண்டு பேர் மட்டும் இருக்கும் வீடு ஒன்றாவது கண்ணில் படும். பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ துபாயிலோ இருப்பார்கள். ஊருக்கு வரும்போது அப்பாவுக்கு ஒரு ஸ்மார்ட் வாட்ச் வாங்கி வருவது இப்போது வழக்கமாகிவிட்டது. எத்தனை அடி நடந்தோம் என்று எண்ணும், போன் வந்தால் அதிரும் என்பதோடு பெரும்பாலும் விஷயம் முடிந்துவிடுகிறது. ஆனால் இந்தக் கருவிகளில் சிலவற்றால், பக்கவாதம் வரை கொண்டுபோய் விடும் ஒரு இதயக் கோளாற்றை முன்கூட்டியே காட்டிக்கொடுக்க முடியும். இதுவரை ஸ்மார்ட் வாட்ச் பக்கமே போகாதவர்களை மனதில் வைத்து, அதை முறையாகப் பயன்படுத்தும் வழியை இங்கே எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்த வாட்ச் வாங்குவது என்பதைவிட, அது எச்சரித்தால் அந்த வீட்டில் யார் பார்ப்பார், யார் கூட்டிக்கொண்டு போவார், எந்த ஆஸ்பத்திரிக்குப் போவார் என்பது முக்கியம். இந்த மூன்று கேள்விக்கும் பதில் இல்லாத வீட்டில் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிக் கட்டினாலும் பயன் இல்லை. ஆகவே பணத்தை எடுப்பதற்கு முன்பே இந்த மூன்று பதிலையும் ஒரு தாளில் போன் நம்பரோடு எழுதி, பீரோ கதவில் ஒட்டிவிடுங்கள்.

எதைத் தேடுகிறோம்?

இதயத்தின் மேல் அறைகள் இரண்டும் ஒழுங்காகச் சுருங்கி விரியாமல் சும்மா நடுங்கிக்கொண்டே இருக்கும் நிலைக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்று பெயர். டாக்டர்கள் சுருக்கமாக ஏ.எஃப். என்பார்கள். மேல் அறை நடுங்குவதால் கீழ் அறைகளுக்குப் போகும் மின் தூண்டுதல் தாறுமாறாகப் போகிறது. நாடி பிடித்துப் பார்த்தால் ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவே உள்ள இடைவெளி ஒன்றுபோல் இருக்காது.

ஆபத்து துடிப்பில் மட்டும் இல்லை. வாய்க்காலில் தண்ணீர் ஓடாமல் நிற்கும் மூலையில் ஆகாயத்தாமரை வந்து அடைவதைப் போல, இடது மேல் அறையை ஒட்டிய ஒரு சின்னப் பையில் ரத்தம் தேங்கி உறைந்துவிடும். அந்தக் கட்டி கிளம்பி மூளைக்குப் போகும் ரத்தக்குழாயை அடைத்தால் பக்கவாதம். அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் ஊர் மக்களைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வில், ஏ.எஃப். உள்ளவர்களுக்குப் பக்கவாத அபாயம் ஏறக்குறைய ஐந்து மடங்கு என்று தெரியவந்தது. வயது ஏற ஏற இந்தக் கோளாறு கூடும். ரத்த அழுத்தம், சர்க்கரை, தைராய்டு, உடல் பருமன், தூக்கத்தில் மூச்சு தடைபடும் குறட்டை, அதிகக் குடி ஆகியவை இதற்கு வழி திறந்துவிடும்.

சிக்கல் என்னவென்றால், பல பேருக்கு இது இருப்பதே தெரியாது. சிலருக்கு நெஞ்சு படபடக்கும், மூச்சு இரைக்கும், மாடிப்படி ஏற முடியாமல் அசதியாக இருக்கும். நம்மூரில் இதையெல்லாம் "வாயு", "கேஸ் டிரபிள்", "வயசாயிருச்சுல்ல" என்று தள்ளிவிடுகிறார்கள். போதாக்குறைக்கு இது வந்து வந்து போகும். திங்கட்கிழமை ராத்திரி மூன்று மணி நேரம் இருக்கும். புதன்கிழமை ஆஸ்பத்திரியில் இசிஜி எடுத்தால் எல்லாம் சரியாக இருக்கும். எந்நேரமும் கையிலேயே கிடக்கும் ஒரு கருவிக்கு இங்கேதான் வேலை இருக்கிறது.

காசில்லாமல் தொடங்குங்கள்

வாட்ச் வாங்குவதற்கு முன் விரலால் நாடி பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள். பெரியவரை ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார வையுங்கள். உள்ளங்கை மேலே பார்க்கட்டும். அவருடைய கட்டைவிரலுக்கு நேர் கீழே, மணிக்கட்டுக் கோட்டைத் தாண்டி, உங்கள் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மெல்ல வையுங்கள். உங்கள் கட்டைவிரலால் பார்க்காதீர்கள். அதற்கே ஒரு நாடி உண்டு, குழப்பிவிடும். ஒரு முழு நிமிடம் கவனியுங்கள். எண்ணிக்கையைவிடத் தாளம் முக்கியம். இன்னொரு கையால் தொடையில் அதே தாளத்தைத் தட்டிக்கொண்டே வந்து பாருங்கள். எப்போதாவது ஒரு துடிப்பு முந்திக்கொண்டோ விட்டோ வந்து, மறுபடி ஒழுங்கானால் அது பெரும்பாலும் பயப்பட வேண்டியதில்லை; அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது சொன்னால் போதும். அடுத்த துடிப்பு எப்போது விழும் என்றே உங்களால் தட்ட முடியவில்லை, ஒன்று பெரிதாக ஒன்று சிறிதாக, கோணல்மாணலாக வருகிறது என்றால் வாட்ச் வாங்க நேரம் பார்க்காதீர்கள், இசிஜி எடுக்கப் போங்கள்.

65 வயதைத் தாண்டியவர்களுக்கு இந்த நாடிப் பரிசோதனையை வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் செய்யச் சொல்லித்தான் ஐரோப்பிய இதய மருத்துவர்களின் வழிகாட்டுதலும் இருக்கிறது. 2021-ல் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வந்து பிரஷர் பார்த்து மாத்திரை கொடுக்கும் அக்காவிடம், "நாடி ஒழுங்கா அடிக்குதான்னு ஒரு நிமிஷம் பாத்துச் சொல்லுங்கக்கா" என்று கேட்டுப் பாருங்கள்.

அடுத்து, வீட்டில் இருக்கும் பிரஷர் மெஷின். மேல்கையில் பட்டை கட்டும் டிஜிட்டல் மெஷின்கள் பலவற்றில், துடிப்பு ஒழுங்கில்லாமல் இருந்தால் திரையில் ஒரு இதயச் சின்னம் ஒளிரும். அது என்ன சின்னம் என்று பெட்டியோடு வந்த தாளைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். பல வீடுகளில் அந்தச் சின்னம் மாதக்கணக்காக ஒளிர்ந்துகொண்டிருக்கிறது. 140-க்கு 90 என்ற எண்ணை மட்டும் நோட்டில் எழுதிவிட்டு மூடிவைத்துவிடுகிறார்கள். சின்னம் வந்தால் சில நிமிடம் இடைவெளி விட்டு மூன்று முறை எடுங்கள். மூன்றிலும் வந்தால் டாக்டரிடம் சொல்ல வேண்டிய செய்தி அது. துடிப்பு தாறுமாறாக இருக்கும்போது பிரஷர் எண்ணே ஒவ்வொரு முறையும் மாறி மாறி வரும், அதனால் சராசரி எடுப்பதும் அவசியம். என்னைக் கேட்டால், கையில் இரண்டாயிரம் ரூபாய்தான் இருக்கிறது என்றால் மட்டமான ஸ்மார்ட் பேண்ட் வாங்காமல் ஒரு நல்ல பிரஷர் மெஷின் வாங்குங்கள் என்றுதான் சொல்வேன்.

வாட்ச் எப்படிக் கண்டுபிடிக்கிறது?

இரண்டு வழி. இரண்டையும் பிரித்துப் புரிந்துகொண்டால்தான் கடைக்காரர் பேச்சில் ஏமாறாமல் இருக்கலாம்.

வாட்சைத் திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் பச்சை விளக்கு மின்னும். ரத்தம் பச்சை ஒளியை உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்புக்கும் மணிக்கட்டில் ரத்தம் கூடிக் குறைவதால் திரும்பி வரும் ஒளியும் கூடிக் குறையும். அதை வைத்துத் துடிப்புகளுக்கு நடுவே உள்ள இடைவெளியைக் கணக்கிட்டு, பல தடவை தொடர்ந்து தாறுமாறாக இருந்தால் மட்டும் எச்சரிக்கை கொடுக்கும். இது பின்னணியில் தானாக நடக்கும். கட்டியிருப்பவர் எதுவும் செய்ய வேண்டாம். கை அசையாமல் இருக்கும்போதுதான் நன்றாக வேலை செய்யும்.

இன்னொன்று இசிஜி. இதற்கு வாட்ச் கட்டாத கையின் விரலை வாட்சின் பக்கவாட்டில் உள்ள திருகின் மேலோ பொத்தானின் மேலோ 30 வினாடி வைக்க வேண்டும். இரண்டு கைக்கும் நடுவே இதயத்தின் மின்னோட்டம் கோடாகப் பதிவாகும். ஆஸ்பத்திரியில் மார்பிலும் கை காலிலும் ஒட்டி எடுப்பது 12 கோணம். வாட்சில் வருவது ஒரே ஒரு கோணம். ஏ.எஃப். இருக்கிறதா என்று பார்க்க அந்த ஒரு கோணம் பெரும்பாலும் போதும். மாரடைப்பைக் கண்டுபிடிக்கப் போதாது. இதை வீட்டில் எல்லோரும் மனதில் பதித்துக்கொள்ள வேண்டும்: நெஞ்சுவலி வந்தவருக்கு வாட்சில் "சைனஸ் ரிதம்" (துடிப்பின் தாளம் ஒழுங்கு) என்று வந்துவிட்டது, அதனால் படுக்கவைத்தோம் என்று யாரும் செய்யக் கூடாது.

எதை வாங்கலாம்?

ஆப்பிள் வாட்சில் இசிஜி வசதி 2018-ல் சீரிஸ் 4 மாடலோடு வந்தது. விலை குறைந்த எஸ்இ மாடலில் இசிஜி கிடையாது, ஆனால் பின்னணி எச்சரிக்கை உண்டு. எந்த ஆப்பிள் வாட்சுக்கும் ஐபோன் வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் கவனிக்க வேண்டியது இங்கேதான். அப்பாவிடம் ஐபோன் இல்லை, ஆகவே என் ஐபோனிலேயே குடும்ப உறுப்பினராகச் சேர்த்து வாட்சைக் கொடுத்துவிடுகிறேன் என்று நினைப்பார்கள். அந்த முறையில் சேர்த்த வாட்சில் தாறுமாறான துடிப்புக்கான எச்சரிக்கையும் வராது, இசிஜியும் எடுக்க முடியாது. எதற்காக வாங்கினோமோ அதுவே போய்விடும். அப்பாவுக்கென்று ஒரு பழைய ஐபோனாவது கொடுத்து, அவர் பெயரில், அவருடைய சரியான பிறந்த தேதியோடு சேர்ப்பதுதான் வழி. பிறகு அந்தப் போனின் ஹெல்த் ஆப்பில் பகிர்வு வசதியைத் திறந்துவிட்டால் எச்சரிக்கை பிள்ளையின் போனுக்கும் வரும்.

சாம்சங் கேலக்சி வாட்சில் இசிஜி எடுக்க சாம்சங் போனே வேண்டும். வேறு ஆண்ட்ராய்டு போனோடு அது வேலை செய்யாது. எந்தக் கம்பெனி ஆனாலும், இந்த வசதி இந்தியாவில் திறந்திருக்கிறதா என்று அந்தக் கம்பெனியின் இந்தியத் தளத்தில் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

கையில் எதையும் கட்டிக்கொள்ளப் பிடிக்காத பெரியவர்களுக்கு கார்டியாமொபைல் போன்ற சின்னப் பட்டை இருக்கிறது. இரண்டு கை விரலையும் அதன் மேல் 30 வினாடி வைத்தால் போனில் இசிஜி கோடு வரும். தினமும் சார்ஜ் போடும் தொல்லை இல்லை. ஆனால் விரல் வைக்கும் நேரத்தில் கோளாறு இருந்தால்தான் பிடிக்கும். தூக்கத்தில் வந்து போவது தெரியாது.

ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் பேண்டுகள் துடிப்பு எண்ணிக்கையைக் காட்டும், அவ்வளவுதான். தாளம் தப்புகிறதா என்று பார்க்கும் வசதி அவற்றில் பெரும்பாலும் இருக்காது. அட்டைப்பெட்டியில் இதயப் படம் போட்டிருப்பதை நம்பி வாங்காதீர்கள்.

கட்டும் விதம்

வாட்சை மணிக்கட்டு எலும்புக்கு மேல், முழங்கைப் பக்கமாக ஒரு விரல் அகலம் தள்ளிக் கட்டுங்கள். ஆடாமல் இருக்க வேண்டும், இறுக்கித் தழும்பு விழவும் கூடாது. வளையல் போடும் கையைத் தவிர்த்து மற்றக் கையில் கட்டலாம். எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாளில் கையிலும் வாட்சின் பின்பக்கத்திலும் எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் துடைத்துவிட்டுக் கட்டுங்கள்.

நம்மூர்ப் பாட்டிமார் பலர் முன்கையில் பச்சை குத்தியிருப்பார்கள். அந்த மை ஒளியைத் தடுத்துவிடும். வலங்கைமான் பக்கம் ஒரு வீட்டில், அப்பாயியின் இடது கையில் மணிக்கட்டு முதல் பாதி முழங்கை வரை தேர்க்கோலமாகப் பச்சை. வாட்ச் துடிப்பையே காட்டவில்லை, கோடு கோடாக வந்தது. கருவி கெட்டுப்போச்சு என்று திருப்பி அனுப்பக் கிளம்பினார்கள். வலது கையில் பச்சை இல்லாத இடத்தில் கட்டியதும் 72 என்று எண் வந்துவிட்டது. பிறகு பேத்தி இசிஜி எடுக்க உட்கார வைத்தாள். அப்பாயி வாயில் வெற்றிலை. மெல்லும்போது தோளும் கையும் சேர்ந்து அசைய, கோடு கிறுக்கலாக வந்து "பதிவு சரியில்லை" என்றது. "வெத்தலையத் துப்பிட்டு வா அப்பாயி, முப்பது எண்ணுறதுக்குள்ள முடிஞ்சிரும், பேசாம இரு" என்றாள். கையை மடியில் தலையணை மேல் வைத்து, விரல் நுனியை ஈரத்துணியில் லேசாகத் துடைத்துவிட்டு, அழுத்தாமல் வைக்கச் சொன்னாள். இந்தத் தடவை கோடு சுத்தமாக வந்தது. வயல் வேலை செய்து காய்த்துப்போன விரல்களுக்கும், காய்ந்த தோலுக்கும் இந்த ஈரத்துணி வேலை நிச்சயமாக உதவும்.

இசிஜி எடுக்கும்போது போனையும் வாட்சையும் சார்ஜரில் இருந்து எடுத்துவிடுங்கள். டிகிரி காபி குடித்த உடனே வேண்டாம், அரை மணி நேரம் போகட்டும். கை நடுக்கம் உள்ளவர்களுக்குக் கோடு கலங்கி வரும். கையை மேசையில் முழுக்கப் படிய வைத்து எடுத்துப் பாருங்கள், அப்படியும் வரவில்லை என்றால் அவர்களுக்கு வாட்ச் இசிஜியை நம்ப வேண்டாம். பேஸ்மேக்கர் பொருத்தியவர்களும் டாக்டரைக் கேட்டுவிட்டு முடிவு செய்வது நல்லது.

செட்டிங்ஸில் தாறுமாறான துடிப்புக்கான எச்சரிக்கையை நீங்களாகத் திறந்துவிட வேண்டும். வாங்கி வந்ததும் தானாக வேலை செய்யும் என்று இருந்துவிடாதீர்கள். எழுத்தைப் பெரிதாக்கி, வேண்டாத மற்ற அறிவிப்புகளை எல்லாம் அணைத்துவிடுங்கள். வாட்ஸ்அப்புக்கும் அதிர்ந்து, மழைச் செய்திக்கும் அதிர்ந்தால், முக்கியமான அதிர்வை யாரும் பார்க்க மாட்டார்கள்.

ராத்திரி கழற்றிவைக்கும் பழக்கம்தான் பெரிய தடை. அசைவில்லாத தூக்க நேரம் கருவிக்கு நல்ல நேரம். ஆகவே சார்ஜ் போடுவதைக் காலையில் குளித்து, சாமி கும்பிட்டு, டிபன் சாப்பிடும் நேரத்துக்கு மாற்றிவிடுங்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஒரு பவர்பேங்க் நிறைத்து வையுங்கள். 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்த பிறகு பல ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. அப்படியான நாட்களில் விரலால் நாடி பார்க்கத் தெரிந்திருப்பதுதான் கைகொடுக்கும்.

எச்சரிக்கை வந்துவிட்டது. இப்போது?

முதலில் பெரியவரை உட்கார வைத்து, அவர் முகத்தைப் பாருங்கள், வாட்சை அப்புறம் பார்க்கலாம். நெஞ்சுவலி, மயக்கம், மூச்சுத் திணறல், குளிர்ந்து வியர்ப்பது இருந்தால் உடனே 108. முகம் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை தூக்க முடியாமல் விழுவது, பேச்சு குழறுவது இருந்தால் அது பக்கவாதம்; அதற்கும் 108 தான். கடைசியாக அவர் நன்றாக இருந்ததை எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள் என்பதை எழுதிக்கொள்ளுங்கள். அந்த நேரத்திலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் போனால்தான் கட்டியைக் கரைக்கும் ஊசி போட முடியும், அதற்கும் முன்னால் சிடி ஸ்கேன் எடுக்க வேண்டும். ஆகவே ஸ்கேனும் அந்த ஊசியும் உள்ள ஆஸ்பத்திரிக்கே நேராகப் போக வேண்டும். வேதாரண்யத்திலிருந்து தஞ்சாவூர் ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். பக்கத்தில் எங்கே அந்த வசதி இருக்கிறது என்று இன்றைக்கே விசாரித்து பீரோ கதவுத் தாளில் எழுதிவையுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு விசாரிக்க முடியாது. வாயில் தண்ணீரோ மாத்திரையோ கொடுக்க வேண்டாம், புரையேறிவிடும். புறா ரத்தம் தடவுவது, எண்ணெய் போட்டு உருவிவிடுவது என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். இதில் வீணாகும் நேரம் முழுக்க மூளைக்கு நஷ்டம். கை விழுந்து பத்து நிமிடத்தில் சரியாகிவிட்டது என்றாலும் அன்றைக்கே போக வேண்டும்.

இந்த அறிகுறி எதுவும் இல்லை, ஆள் சாதாரணமாக இருக்கிறார் என்றால் பதற வேண்டாம். அப்போதே ஒரு இசிஜி பதிவு எடுங்கள். விரலால் நாடியும் பாருங்கள். தேதி, நேரம், அப்போது என்ன செய்துகொண்டிருந்தார், படபடப்பு இருந்ததா என்று குறித்துக்கொள்ளுங்கள். ஓரிரு நாளுக்குள் ஆஸ்பத்திரியில் 12 கோண இசிஜி எடுத்துவிடுங்கள். துடிப்பு நிமிடத்துக்கு 120-ஐத் தாண்டி இறங்காமலே இருந்தால் அன்றைக்கே போங்கள்.

வாட்சின் இசிஜியை பிடிஎஃப் ஆக எடுக்க முடியும். டாக்டர் உங்கள் குடும்பத்துக்குத் தெரிந்தவராக இருந்தால் வாட்ஸ்அப்பில் இப்படி அனுப்பலாம்: "ஐயா, அப்பாவுக்கு 74 வயது. சர்க்கரையும் பிரஷரும் உண்டு. நேற்று ராத்திரி 11 மணிக்கு வாட்சில் எச்சரிக்கை வந்தது, இசிஜி இணைத்திருக்கிறேன். வலி, மயக்கம் இல்லை. எப்போது கூட்டி வரட்டும்?" வெறும் பிடிஎஃப் மட்டும் அனுப்பினால் அவரால் ஒன்றும் சொல்ல முடியாது. நேரில் போகும்போது அச்செடுத்துக் கொண்டுபோங்கள். பழைய இசிஜி, சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகள், பிரஷர் நோட்டு எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும்.

வாட்ச் "ஏ.எஃப்." என்று சொன்னாலும் அது முடிவு ஆகாது. டாக்டர் ஒரு இசிஜி கோட்டைத் தன் கண்ணால் பார்த்து உறுதி செய்த பிறகுதான் நோய் என்று பெயர் வைக்க முடியும். 2019-ல் வெளியான ஆப்பிள் ஹார்ட் ஆய்வில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கலந்துகொண்டார்கள். எச்சரிக்கை வந்தது 0.52 சதவீதம் பேருக்குத்தான். 65 வயதைத் தாண்டியவர்களில் 3.1 சதவீதம். எச்சரிக்கை வந்தவர்களுக்கு மார்பில் ஒட்டும் பட்டை அனுப்பி ஒரு வாரம் வரை பதிவு செய்தபோது, பட்டையைத் திருப்பி அனுப்பியவர்களில் 34 சதவீதத்தினருக்கு ஏ.எஃப். தெரிந்தது. மற்றவர்களுக்கு வாட்ச் பொய் சொன்னது என்று அர்த்தமில்லை; எச்சரிக்கை வந்து நாள் கழித்துத்தான் பட்டை ஒட்டினார்கள், இந்தக் கோளாறு வந்து போகும் தன்மை உடையது. பட்டை ஒட்டியிருந்தபோதே வாட்சும் எச்சரித்த சமயங்களில் 84 சதவீதம் உண்மையிலேயே ஏ.எஃப். ஆக இருந்தது. அதாவது எச்சரிக்கை வந்தால் ஒதுக்கவும் கூடாது, அதையே தீர்ப்பாக எடுத்துக்கொண்டு உடைந்துபோகவும் கூடாது. எச்சரிக்கை வராததாலேயே ஒன்றுமில்லை என்றும் இருந்துவிடக் கூடாது.

டாக்டர் என்ன பார்ப்பார்?

இசிஜி சரியாக இருந்தால் 24 மணி நேரமோ அதற்கு மேலோ பதிவு செய்யும் ஹோல்ட்டர் கருவியை மாட்டிவிடுவார். இதயத்தை ஸ்கேன் செய்து பார்க்கும் எக்கோ எடுப்பார். தைராய்டு, ரத்தத்தில் பொட்டாசியம், சிறுநீரகச் செயல்பாடு ஆகியவற்றுக்கு ரத்தப் பரிசோதனை எழுதுவார். பிறகு ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை தேவையா என்று ஒரு கணக்குப் போடுவார். அந்தக் கணக்கில் இதயம் பலவீனமாக இருப்பது, ரத்த அழுத்தம், சர்க்கரை, ரத்தக்குழாய் நோய் ஆகியவற்றுக்கு ஒவ்வொரு புள்ளி. 65 முதல் 74 வயது வரை ஒரு புள்ளி, 75 வயதிலிருந்து இரண்டு. ஏற்கனவே பக்கவாதம் வந்திருந்தால் இரண்டு. புள்ளி கூடக் கூட மாத்திரையின் தேவை கூடும். ஆகவே பழைய நோய் எதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

கண்டுபிடித்தவுடன் எல்லோருக்கும் மாத்திரை என்பதும் இல்லை. டென்மார்க்கில் 70 முதல் 90 வயதுள்ள சுமார் ஆறாயிரம் பேரிடம் நடந்த லூப் ஆய்வு 2021-ல் வெளியானது. தோலுக்கு அடியில் கருவி வைத்துத் தொடர்ந்து கண்காணித்தவர்களில் 31.8 சதவீதத்தினருக்கும், வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களில் 12.2 சதவீதத்தினருக்கும் ஏ.எஃப். தெரிந்தது. அவ்வளவு அதிகம் பேரிடம் கண்டுபிடித்தும், பக்கவாதம் உறுதியாகச் சொல்லும் அளவுக்குக் குறையவில்லை. சில நிமிடம் மட்டும் வந்து போகும் ஏ.எஃப்.பும், நாள்கணக்கில் நீடிப்பதும் ஒன்றில்லை என்பது இதிலிருந்து புரிகிறது. டாக்டர் "கொஞ்ச நாள் பாப்போம்" என்றால் அலட்சியம் என்று நினைக்க வேண்டாம். எவ்வளவு நேரம் நீடித்தது என்று கேளுங்கள், அடுத்து எப்போது வர வேண்டும் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

சின்ன வயதில் மூட்டுவலிக் காய்ச்சல் வந்து இதய வால்வு சுருங்கியவர்கள் நம் பக்கம் இன்னும் இருக்கிறார்கள், பெண்களில் அதிகம். "கல்யாணத்துக்கு முன்னாடியே வால்வுல கோளாறுன்னு சொன்னாங்க" என்று அம்மாவோ பெரியம்மாவோ சொன்னால் அதைக் கட்டாயம் டாக்டரிடம் சொல்லுங்கள். அவர்களுக்கு ஏ.எஃப். வந்தால், ரத்தம் உறையாமல் தடுக்கும் புது வகை மாத்திரைகளைவிட வார்ஃபரின், அசிட்ரோம் என்ற பழைய வகையே சரி. 2022-ல் வந்த இன்விக்டஸ் ஆய்விலும் ரிவராக்ஸபான் என்ற புது வகை மாத்திரையைவிட பழைய வகையே நல்ல பலன் கொடுத்தது.

நீங்களாக ஆஸ்பிரின் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். ஏ.எஃப். பக்கவாதத்தைத் தடுக்க அது ரொம்பக் குறைவாகத்தான் உதவும், வயிற்றில் ரத்தக்கசிவுக்கு மட்டும் குறைவிருக்காது. அதேபோல், வேறு காரணத்துக்காக டாக்டர் ஏற்கனவே எழுதிக் கொடுத்ததை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

மாத்திரை தொடங்கிய பிறகு

ஆப்பிளின் பின்னணி எச்சரிக்கை ஏ.எஃப். இருக்கிறது என்று ஏற்கனவே உறுதியானவர்களுக்காகச் செய்யப்பட்டது இல்லை. நோய் உறுதியானதும் அந்த எச்சரிக்கையை அணைத்துவிட்டு, ஏ.எஃப். வரலாறு என்ற பகுதியைத் திறந்துகொள்ளலாம். வாரத்தில் எவ்வளவு நேரம் தாளம் தப்பியது என்று அது ஒரு மதிப்பீடு காட்டும், டாக்டருக்குப் பயன்படும். அதற்காகப் பெரியவரை நாளுக்கு இருபது முறை விரல் வைக்கச் சொல்லாதீர்கள். ஒவ்வொரு தடவையும் திரையைப் பார்த்துப் பார்த்தே சிலருக்குப் படபடப்பு வந்துவிடுகிறது. காலையில் ஒன்று, உடம்புக்கு என்னவோ போல் இருந்தால் ஒன்று, போதும்.

வார்ஃபரின் அல்லது அசிட்ரோம் சாப்பிடுபவர்களுக்கு, ரத்தம் எவ்வளவு சீக்கிரம் உறைகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் என்ற ரத்தப் பரிசோதனை தவறக் கூடாது. பெரும்பாலும் 2-க்கும் 3-க்கும் நடுவே இருக்க வேண்டும். உங்களுக்கு எவ்வளவு என்று டாக்டரே எழுதிக் கொடுப்பார். கீரை சாப்பிடக் கூடாது என்று யாராவது பயமுறுத்துவார்கள். நிறுத்த வேண்டாம், வாரத்துக்கு எத்தனை நாள் சாப்பிடுவீர்களோ அதே அளவில் வைத்துக்கொள்ளுங்கள். திடீரென்று தினமும் முருங்கைக்கீரை என்று மாற்றினால் மாத்திரையின் வேலை குறையும்.

முட்டிவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரையும், என்ன கலந்திருக்கிறது என்று தெரியாத நாட்டு மருந்தும் ரத்தக்கசிவை வரவழைக்கும். பல் பிடுங்கப் போனாலும், கண் ஆபரேஷனுக்குப் போனாலும் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுவதை முதலில் சொல்லுங்கள். மாத்திரையின் பெயரும் அளவும் எழுதிய சின்ன அட்டை ஒன்று அப்பாவின் சட்டைப்பையிலும், அம்மாவின் சுருக்குப்பையிலும் எப்போதும் இருக்கட்டும். ஆடுதுறையிலோ பட்டுக்கோட்டையிலோ சொந்தக்காரர் கல்யாணத்துக்கு இரண்டு நாள் தங்கப் போனால், வாட்ச் சார்ஜரை மறந்தாலும் பரவாயில்லை, மாத்திரை டப்பாவை மறக்காமல் எடுத்துவையுங்கள். ஒரு வேளை விட்டுப்போனால் அடுத்த வேளைக்கு இரட்டிப்பாகப் போடாமல், டாக்டருக்கோ நர்சுக்கோ ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.